பெயர் கொடுத்தவர்கள் ஏன் வருவதில்லை? கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை நாள் வைக்க யோசனை தேவை

எருக்கஞ்சேரி (கேள்வி):

வணக்கம். வியாசர்பாடிப் பக்கம் ஏழு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்து, பக்கத்துல இருக்குற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோட ஒரு பரிசோதனை நாள் வைக்கப் போறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான விஐஏ (காடி மாதிரி அமிலம் தொட்டு வச்சுக் கண்ணால பாக்குறது), முடிஞ்சா பாப் ஸ்மியரும் (செல் எடுத்து லேப்ல பாக்குறது). 30லிருந்து 60 வயசுக்குள்ள 84 பேர் பட்டியல்ல இருக்காங்க. போன தடவை பெயர் கொடுத்தவங்கள்ல கால்வாசிகூட வரல. நோட்டீஸ் கொடுத்தாச்சு, மைக் பிடிச்சுப் பேசியாச்சு. கேக்கும்போது எல்லாரும் தலையாட்டுறாங்க. அன்னைக்குக் காலையில போன் பண்ணா எடுக்குறதில்ல.

வீடு வீடாப் போனப்ப வந்த பதில் இதெல்லாம்: "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே." "போன வருஷம் வயித்துக்கு ஸ்கேன் எடுத்தேன், நார்மல்னுட்டாங்க." "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு, அப்புறம் எதுக்கு?" "மாசாமாசம் வர்றது நின்னு எட்டு வருஷம் ஆச்சு." "அவர் போய்ச் சேர்ந்தே பத்து வருஷம், எனக்கு எப்படி வரும்?" "கர்ப்பப்பையே எடுத்தாச்சு." "டாக்டரம்மா இல்லாம நர்ஸ் பாத்தா போதுமா?" யாரும் வாய்விட்டுச் சொல்லாதது ஒண்ணு, கூச்சம்.

இதுக்கெல்லாம் நேரா பதில் சொல்லத் தெரியணும். அறை, ஆள், சாமான் என்னென்ன வேணும்? ரிசல்ட் வந்தப்புறம் என்ன பண்ணணும்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. "விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்"னு மட்டும் எழுதிடாதீங்க, அதை வேணுங்கிற அளவுக்குப் பண்ணியாச்சு.


ஒருநிமிடம்:

அக்கா, மைக்கை மூட்டை கட்டி வச்சிடுங்க. வராததுக்குக் காரணம் பாதி பேனர்லயும் கதவுலயும் கடிகாரத்துலயும் இருக்கு.

பேனர்ல "கேன்சர் முகாம்"னு போட்டா, அந்த வரிசையில நிக்கிறவங்களை ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவங்ககூட "அவளுக்கு என்னவாம்"னு கேப்பாங்க. "பெண்கள் உடல்நலப் பரிசோதனை"னு போட்டு பிபி, சுகர், மார்பகப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்துல வைங்க. ஆனா உள்ளே என்ன பாப்பாங்கன்னு பெயர் எழுதும்போதே சொல்லிடணும். சுகர் டெஸ்ட்டுன்னு கூட்டிட்டு வந்து டேபிள்ல ஏறச் சொன்னா அடுத்த தடவை அந்தத் தெருவே வராது.

என்ன நடக்கும்னு சொல்ல இவ்வளவு போதும்: "படுத்து முழங்காலை மடக்கிக்கணும். வாத்து அலகு மாதிரி ஒரு கருவி வச்சு கர்ப்பப்பை வாயைக் கண்ணால பாப்பாங்க. காடி மாதிரி ஒரு மருந்தைப் பஞ்சுல தொட்டு வைப்பாங்க, லேசா எரியலாம். ஒரு நிமிஷம் பொறுக்கணும். ஊசி கிடையாது, வெட்டுறது கிடையாது." இதை மேடையில சொல்லாதீங்க. ஏற்கெனவே பண்ணிக்கிட்ட ஒருத்தரை விட்டு நாலஞ்சு பேர் உக்கார்ந்திருக்கிற திண்ணையில சொல்லச் சொல்லுங்க.

உடுப்பு: புடவை, நைட்டி ரெண்டும் வசதி, எதையும் கழட்ட வேண்டாம், உள்பாவாடையைத் தூக்கினா போதும். சுடிதார்ல வந்தா பேண்ட்டைக் கழட்டணும்னு தெரிஞ்ச உடனே திரும்பிப் போறவங்க உண்டு. சீட்டுலயே "புடவை அல்லது நைட்டியில் வரவும்"னு எழுதுங்க. சிறுநீர் கழிச்சுட்டுத்தான் படுக்கணும், அதனால தண்ணி வர்ற கழிப்பறை பக்கத்துல இல்லாத சமுதாயக் கூடம் எவ்வளவு பெருசா இருந்தாலும் வேண்டாம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேணும். ஜன்னல் கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டணும். டேபிளோட கால் பக்கம் கதவைப் பாத்து இருக்கக் கூடாது, இதை ஏனோ எல்லா இடத்துலயும் மாத்திப் போடுறாங்க. உள்ளே நர்ஸும் ஒரு உதவியாளரும் மட்டும், ரெண்டு பேரும் பெண்களா இருக்கணும். துணைக்கு வந்தவங்க கேட்டா தலைமாட்டுல நிக்கட்டும்.

நேரம்: வீட்டு வேலைக்குப் போறவங்க பதினொன்றரைக்கு மேலதான் ஃப்ரீ, ஸ்கூல் விடுற நேரத்துக்குள்ள கிளம்பணும். தண்ணி லாரி வர்ற நேரத்துல யாரும் வர மாட்டாங்க. ஆடி மாசம் கூழ் ஊத்துற ஞாயிறைத் தவிர்த்திடுங்க. ஐப்பசி, கார்த்திகையில கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நின்னா அந்தப் பக்கம் இருக்கிறவங்களை எதிர்பாக்க முடியாது.

கணக்கைப் பாருங்க. ஒருத்தருக்கு ஏறி, பாத்து, இறங்கி, எழுதி முடிக்கப் பத்து நிமிஷம். ஒரு டேபிள், நாலு மணி நேரம், 24 பேர். 84 பேரை ஒரே நாள்ல கூப்பிட்டா அறுபது பேர் வெயில்ல நின்னுட்டுத் திரும்பிடுவாங்க. மணிக்கு ஆறு பேர்னு நேரம் போட்டுச் சீட்டு கொடுங்க.

சாமான்: ஸ்டீல் ஸ்பெகுலம் (அந்த வாத்து அலகுக் கருவி) ஒரு ஆளுக்கு ஒண்ணு. மீடியம் நிறைய, சின்ன சைஸ் ஆறு ஏழு. நடுவுல கழுவி அடுத்தவங்களுக்குப் போடலாம்ங்கிற பேச்சே வேண்டாம். 0.5 சதவீத குளோரின் கரைசல்ல 10 நிமிஷம் ஊற வச்சு, தேய்ச்சுக் கழுவி, ஆட்டோகிளேவ்ல (நீராவியால கிருமி நீக்குற கருவி) 121 டிகிரியில உறை இல்லாம 20 நிமிஷம், உறை போட்டா 30 நிமிஷம். அத்தனை ஸ்பெகுலம் இல்லைன்னா ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் ஸ்பெகுலம் வாங்குங்க. போடுறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சா குளிராது, வழுக்கிப் போகும்.

அமிலம் 5 சதவீதம். 95 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல 5 மில்லி கிளேசியல் அசிட்டிக் ஆசிட். தண்ணியிலதான் ஆசிட்டை விடணும். அன்னன்னைக்குக் கலக்கினதை அன்னன்னைக்கே கொட்டிடணும். கலக்காத ஆசிட் பாட்டிலை அந்த அறைக்குள்ளேயே கொண்டு போகாதீங்க, அவசரத்துல பஞ்சை அதுல தோய்ச்சா புண்ணாயிடும். லைட் வெள்ளையா, பிரகாசமா இருக்கணும். மஞ்சள் பல்பு வெளிச்சத்துல வெள்ளைத் திட்டு தெரியாது.

பாக்கும்போது நடக்குற பெரிய தப்பு, ஒரு நிமிஷம் பொறுக்காதது. மருந்து வச்சு இருபது செகண்ட்ல "ஒண்ணும் இல்ல, இறங்குங்க"ன்னா அது பரிசோதனையே இல்ல. சுவத்துல செகண்ட் முள் ஓடுற கடிகாரம் மாட்டுங்க. முதல்ல காஞ்ச பஞ்சால சளியைத் துடைக்கணும், அப்புறம் ஆசிட் தோய்ச்ச பஞ்சை வச்சு முழுசா ஒரு நிமிஷம். கர்ப்பப்பை வாய்த் துவாரத்தைச் சுத்தி உள்தோலும் வெளித்தோலும் சேர்ற கோடு இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி, கெட்டியான வெள்ளையில, ஓரம் தெளிவாத் தெரியுற திட்டு இருந்தா பாசிட்டிவ். மங்கலா, துண்டு துண்டா, கோட்டுக்குத் தள்ளி இருந்தா நெகட்டிவ். பாப் ஸ்மியரோ, எச்பிவி (இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) சாம்பிளோ எடுக்கிறதா இருந்தா ஆசிட் வைக்கிறதுக்கு முன்னாடி எடுக்கணும். அயோடின் வைக்கிறதா இருந்தா அது கடைசி. அதுக்கு முன்னாடி அயோடின் அலர்ஜி இருக்கான்னு கேளுங்க, முடிஞ்சதும் ஒரு நாப்கின் கொடுங்க. இல்லாட்டி உள்பாவாடையில கருப்புக் கறை படும், வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு ரத்தம்னு பயந்துடுவாங்க.


கண்ணாடித்தகடு:

பாப் ஸ்மியரையும் சேர்ப்பதாக இருந்தால் லேபில் உட்கார்ந்து பார்க்கிறவர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். கேம்ப் ஸ்லைடுகளில் கணிசமானவை படிக்க முடியாமல் போவதற்குக் காரணம் சாம்பிள் எடுத்த பிறகு வரும் அரை நிமிடம்தான்.

ஸ்பாட்டுலா என்ற, சாம்பிள் எடுக்கும் குச்சியின் நீண்ட நுனியைத் துவாரத்தில் வைத்து ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி. எடுத்ததை ஸ்லைடில் ஒரே சீராக, மெல்லிசாகத் தடவ வேண்டும். வெண்ணெய் பூசுவதைப் போல அழுத்தித் தேய்த்தால் செல்கள் நசுங்கிவிடும். தடவிய கையோடு 95 சதவீத எத்தில் ஆல்கஹால் இருக்கும் ஜாடிக்குள் போட்டுவிட வேண்டும். "இவருடைய பெயரை எழுதிவிட்டுப் போடலாம்" என்று நினைத்தால், மின்விசிறிக்கு அடியில் அதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த செல் ஊதிப் பெருத்து, உட்கரு வெளுத்துத் தெரியும். அதைச் சந்தேகம் என்பதா, சாதாரணம் என்பதா என்று சொல்ல முடியாது. குறைந்தது அரை மணி நேரம் ஆல்கஹாலில் கிடக்கட்டும். சாம்பிள் எடுக்கும் இடத்தில் ஃபேனை நிறுத்துங்கள், அல்லது ஜாடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

பெயரையும் எண்ணையும் ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் முன்கூட்டியே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். நாற்பது ஸ்லைடும் பெயரில்லாமல் வந்து சேர்ந்தால் நாற்பது பேரையும் மறுபடி கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். படிவத்தில் வயது, கடைசி மாதவிடாய் தேதி அல்லது நின்ற வருடம், காப்பர்-டி உண்டா, முந்தைய ரிப்போர்ட் உண்டா, இவ்வளவும் வேண்டும். ஸ்பெகுலத்துக்கு ஜெல் தடவாதீர்கள், அது செல்களை மூடிவிடும். தண்ணீர் போதும்.

வருகிறவர்களிடம் முன்பே சொல்ல வேண்டியது: இரண்டு நாள் முன்பிருந்து உறுப்புக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், உட்புறம் கழுவுவது, உடலுறவு எதுவும் வேண்டாம். உதிரப்போக்கு இருக்கும் நாளில் வேண்டாம். மாதவிடாய் தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை நல்ல சமயம்.

ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லப் போகிறவருக்காக: "அன்சேட்டிஸ்ஃபாக்டரி" என்றால் நார்மல் என்று பொருள் இல்லை. பார்க்கப் போதுமான செல் இல்லை என்று பொருள். சாதாரண ஸ்லைடில் தெளிவாகத் தெரியும் தட்டைச் செல்கள் குறைந்தது 8,000 முதல் 12,000 வரை இருக்க வேண்டும், திரவத்தில் சேகரிக்கும் முறையில் 5,000. முக்கால்வாசிக்கு மேல் ரத்தமோ சீழோ மூடியிருந்தாலும் இதே முடிவுதான். இரண்டிலிருந்து நாலு மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். இந்தக் காகிதங்களை "பிரச்சினை இல்லை" பக்கம் சேர்த்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. "என்ஐஎல்எம்" என்றால் புற்றுநோய்க்கான மாற்றம் தெரியவில்லை. பக்கத்தில் "இன்ஃப்ளமேஷன்" என்று இருந்தால் பதற வேண்டாம், அழற்சி, அவ்வளவுதான். வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தால் வைத்தியம் பார்க்கலாம். "ஏஎஸ்சி-யுஎஸ்" நிச்சயமில்லாத மாற்றம், எச்பிவி பரிசோதனை செய்து பிரித்தறியலாம். "எச்எஸ்ஐஎல்" (தீவிரமான மாற்றம்) என்று வந்தால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உடனே கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பது).


எருக்கஞ்சேரி:

ரெண்டு பேருக்கும் நன்றி. பென்சில் விஷயம் யாருமே சொன்னதில்ல. இன்னும் ரெண்டு சந்தேகம். பட்டியல்ல 22 பேர் 50 தாண்டினவங்க, அவங்களுக்கும் விஐஏ போதுமா? இன்னொண்ணு, ஒரு லேப்காரர் வந்து "ரத்தத்துலயே பெண்கள் கேன்சர் பேக்கேஜ் இருக்கு, இதெல்லாம் எதுக்கு"ங்கிறார். குழுவுல சில பேருக்கு அதுல ஒரு இது.


நாவல்மரம்:

அந்தப் பேக்கேஜை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. சிஏ-125 போன்றவை இதற்கானவை அல்ல. ரத்தம் கொடுத்துவிட்டு "எனக்கு நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். வயிற்று ஸ்கேன் விஷயமும் அப்படியே. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் மேல்தோலுக்குள் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவில் நடப்பது, ஸ்கேனில் தெரிய வழியில்லை.

மற்ற பதில்களுக்கு வருகிறேன். "எனக்கு ஒன்றும் இல்லை" என்கிறவர்தான் வர வேண்டியவர். எச்பிவி என்ற வைரஸ் தொற்றுதான் காரணம். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு புற்றுநோய்களுக்குப் பொறுப்பு. பெரும்பாலோருக்குத் தொற்று ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலரிடம் தங்கிவிடும். தங்கியது புற்றுநோயாக மாறச் சாதாரணமாகப் பதினைந்து, இருபது வருடம் ஆகும், அத்தனை காலமும் வலியோ ரத்தமோ இருக்காது. கணவர் இறந்து பத்து வருடம் ஆனவருக்குப் பதிலும் இதுதான், தொற்று அதற்கும் முந்தையதாக இருக்கலாம். எச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்தக் காலம் மிகவும் சுருங்குவதால் அவர்களை 25 வயதிலிருந்தே பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குடும்பக் கட்டுப்பாட்டில் குழாயைத்தான் கட்டுகிறார்கள், கர்ப்பப்பை வாய் அப்படியே இருக்கிறது. "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்பவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரி கேளுங்கள். "டோட்டல்" என்றிருந்து, காரணம் கட்டி, அதிக உதிரப்போக்கு போன்றவையாக இருந்தால் பரிசோதனை வேண்டாம். "சப்டோட்டல்" என்றால் வாய்ப்பகுதி மிச்சமிருக்கிறது, வேண்டும். புற்றுநோய் அல்லது அதன் முந்தைய நிலைக்காக எடுத்திருந்தால் தொடர் கண்காணிப்பு வேண்டும், அவர் மகப்பேறு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காகிதம் தொலைந்திருந்தால் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தாலே வாய் இருக்கிறதா இல்லையா தெரியும். திருமணமே ஆகாதவர், உறவு இல்லாதவர் பட்டியலில் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும், வரிசையில் வைத்து அல்ல.

நர்ஸ் போதுமா? போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள்தான் ஒரே ஒரு முறை விஐஏ செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்ததாக 2007ல் வெளியானது. அங்கே அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 63 சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் 84ல் ஐம்பது பேர் வந்தால் அது நல்ல கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21ல் தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவு 1.9. நாம் முன்னால் நிற்கிறோம் என்று மார்தட்ட ஒன்றுமில்லை, பத்தில் ஒன்பது பேர் இன்னும் டேபிள் பக்கம் வரவில்லை.

50 தாண்டியவர்கள்: விஐஏ சரிப்படாது. மாதவிடாய் நின்ற பிறகு, உள்தோலும் வெளித்தோலும் சேரும் அந்தக் கோடு துவாரத்துக்குள் இழுத்துக்கொள்ளும், கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை "நெகட்டிவ்" என்று எழுதிவிடுவதுதான் நடக்கிற தவறு. "கோடு தெரியவில்லை" என்று எழுத வேண்டும். உங்கள் 22 பேருக்கும் எச்பிவி பரிசோதனை கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் ஸ்பாட்டுலாவோடு துவாரத்துக்குள் செலுத்தும் பிரஷ்ஷும் சேர்த்து பாப் ஸ்மியர். வறட்சி இருக்கும் என்பதால் சின்ன ஸ்பெகுலம், பொறுமை. வயதாகிவிட்டது என்று இவர்களை விட்டுவிடாதீர்கள், ஐம்பதுகளில்தான் நோய் நிறையப் பிடிபடுகிறது.

எச்பிவி பரிசோதனையில் இன்னொரு சௌகரியம், சாம்பிளை அவரே எடுக்கலாம். கழிப்பறையில் குந்தியோ ஒரு காலை ஸ்டூலில் வைத்தோ, ஸ்வாப்பின் பஞ்சு முனையைத் தொடாமல் சுமார் 5 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, மூன்று முதல் ஐந்து சுற்று சுற்றி, வெளியே எடுத்துக் குழாயில் போட்டு மூட வேண்டும். கிட்டுக்குக் கிட்டு சிறு வித்தியாசம் இருக்கும், அதனுடன் வரும் படத்தைப் பின்பற்றுங்கள். கூச்சத்துக்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. பாசிட்டிவ் வந்தால் மட்டும் டேபிளுக்கு வர வேண்டும். ஆனால் இதே ஸ்வாப்பை வைத்து பாப் ஸ்மியர் பார்க்க முடியாது.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்று கேட்பார்கள். இந்திய அரசின் 2016 வழிகாட்டுதல் 30 முதல் 65 வரை ஐந்து வருடத்துக்கு ஒரு விஐஏ என்கிறது, ஆனாலும் 50 தாண்டியவர்களுக்கு மேலே சொன்னதுதான் என் கருத்து. உலக சுகாதார நிறுவனம் விஐஏ அல்லது பாப் என்றால் மூன்று வருடம், எச்பிவி என்றால் ஐந்திலிருந்து பத்து வருடம் என்கிறது. எச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை உண்டு.

கடைசியாக ஒன்று, இதைப் பெயர் எழுதும்போதே கேளுங்கள். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? "ஆமாம்" என்பவரை முகாம் தேதிக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். அவருக்கு வேண்டியது ஸ்கிரீனிங் அல்ல, நோயறிதல். நேரே ஆஸ்பத்திரி. கண்ணுக்குத் தெரியும் புண் இருக்கும்போது பாப் நார்மல் என்று வந்தாலும் நம்பக் கூடாது, சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.


பதிவேடு:

முகாமே வேண்டாம் என்பது என் கட்சி. நிலையத்திலேயே வாரம் ஒரு நாள் என்று குறித்து, வாரத்துக்குப் பன்னிரண்டு பேரை அனுப்பினால் ஏழு வாரத்தில் 84 முடிகிறது. நர்ஸுக்கும் அவசரமில்லை, வாசலில் கூட்டமுமில்லை. முகாம் வைப்பவர்களுக்குப் போட்டோ கிடைக்கும், சரி.

எப்படி வைத்தாலும், முதல் ஆள் டேபிளில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருக்க வேண்டும்: பாசிட்டிவ் வந்தவர் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கிழமை, எந்த ஓ.பி.க்குப் போவார், கூட யார் போவார்? இந்தப் பதில் இல்லாமல் பரிசோதனை செய்யாதீர்கள். உங்கள் பக்கத்துக்கு ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனை கிட்டே. எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கின்றன. கால்போஸ்கோப்பி என்றைக்கு என்று நிலைய மருத்துவர் மூலம் முன்பே கேட்டு வையுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் "இன்னைக்கு இல்லம்மா, வியாழக்கிழமை வா" என்று கேட்டவர் அந்த வியாழக்கிழமை போவதில்லை. பரிந்துரைச் சீட்டில் நிலைய முத்திரை, என்ன பார்த்தது, எந்தத் தேதி எல்லாம் இருக்க வேண்டும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக வர செலவில்லை, செலவு கூலிதான். குழு நிதியிலிருந்து அந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்ல செலவு இருக்க முடியாது.

நோட்டில் வரவேண்டிய பத்திகள்: பெயர், வயது, சொந்த போன் எண் (மகன் எண் வேண்டாம், ரிசல்ட் அவர் காதுக்குப் போய்விடும்), எந்த நேரம் கூப்பிடலாம், என்ன பரிசோதனை, ரிசல்ட், அவரிடம் சொன்ன தேதி, அனுப்பிய தேதி, போய்ச் சேர்ந்த தேதி, அங்கே என்ன சொன்னார்கள், அடுத்த தேதி. "அனுப்பிய தேதி"யோடு நிற்கும் நோட்டுகள்தான் அதிகம். "போய்ச் சேர்ந்த தேதி" காலியாக இருக்கும் பெயர்களுக்கு வாராவாரம் போன். நோட்டு ஒருவர் பொறுப்பில், பூட்டுக்குள். ரிசல்ட்டைக் குழுக் கூட்டத்தில் வாசிப்பது, வாட்ஸப்பில் போடுவது கூடவே கூடாது.

சொல்லும் விதம். "பாசிட்டிவ்" என்ற சொல்லைத் தவிருங்கள், அதைக் கேட்டதும் எச்ஐவி என்றுதான் நினைக்கிறார்கள். "ஒரு வெள்ளைத் திட்டு தெரியுது, பெருசாக்கிக் காட்டுற கருவியில பாக்கணும், கேன்சர்னு அர்த்தம் இல்ல" என்று சொல்லலாம், உண்மையும் அதுதான். விஐஏயில் திட்டு தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோயும் இல்லை, அதன் முந்தைய நிலையும் இல்லை. எச்பிவி வந்தவரிடம் கூடவே சொல்ல வேண்டியது: இது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, வருடக் கணக்கில் உள்ளே கிடந்திருக்கலாம், இதை வைத்து வீட்டில் பஞ்சாயத்து வேண்டாம்.

அங்கே என்ன செய்வார்கள் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கால்போஸ்கோப்பி பத்து, பதினைந்து நிமிடம். சந்தேகமான இடத்தில் அரிசி மணி அளவு சதை எடுக்கலாம். ரத்தம் நிற்க ஒரு பசை தடவுவார்கள், அதனால் இரண்டு மூன்று நாள் காபித்தூள் போலக் கருப்பாகப் படும், பயப்பட வேண்டாம். முந்தைய நிலை என்று உறுதியானால் சூட்டுக் கருவியால் 100 டிகிரியில் 20 முதல் 30 செகண்ட் சுடுவது, அல்லது குளிரூட்டி உறைய வைப்பது, அல்லது மரத்துப்போக ஊசி போட்டு மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுப்பது. கர்ப்பப்பையை எடுப்பார்கள் என்று பயந்துதான் பலர் போவதில்லை. இந்த மூன்றிலும் கர்ப்பப்பை அப்படியே இருக்கும். சுட்டபிறகு சில வாரம் தண்ணீர் போல வடியலாம், நாலு வாரம் உறவு வேண்டாம். காய்ச்சல், கட்டி கட்டியான ரத்தப்போக்கு, துர்நாற்றம் இருந்தால் உடனே போக வேண்டும். ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை உண்டு, அந்தத் தேதியும் நோட்டில் ஏற வேண்டும்.

புற்றுநோயே என்று தெரிந்தால் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, ரேஷன் கார்டு, ஆதார். அட்டை இல்லாத வீடுகளை இப்போதே எண்ணி வையுங்கள். விவரம் கேட்க 104.


ஒருநிமிடம்:

பதிவேடு சொன்ன வாரம் பன்னிரண்டு பேர் ஏற்பாடு எனக்கும் சம்மதம். ஆனா முதல் ஆளைக் கூட்டிட்டு வர ஒரு கூட்டம் தேவைப்படுது, தனியா நிலையத்துக்குள்ள நுழைய மாட்டாங்க. ஒரே தெருக்காரங்க நாலு நாலு பேரா வரட்டும்.


எருக்கஞ்சேரி:

சரி, முகாமை விட்டுட்டு வாரா வாரம்னு பேசிப் பாக்குறேன். 50 தாண்டின 22 பேரைத் தனிப் பட்டியலாப் பிரிச்சுட்டேன். ஒரே ஒரு சந்தேகம். சீட்டுல தேதி போட்டுக் கொடுத்துடுறோம், சரியா அன்னைக்குன்னு பாத்து பீரியட்ஸ் வந்துட்டா? போன தடவை "அதான் வரல"ன்னு நிறைய பேர் சொன்னாங்க.


ஒருநிமிடம்:

அது சாக்கு இல்லக்கா, கணக்கு. 28 நாள்ல அஞ்சு நாள்னு வச்சாலே ஆறுல ஒருத்தருக்கு அன்னைக்கு இருக்கும். ஒவ்வொரு சீட்டுலயும் ரெண்டு தேதி எழுதுங்க, நடுவுல சரியா பதினாலு நாள் இடைவெளி விட்டு. முதல் தேதியில முடியாதவங்க யார்கிட்டயும் காரணம் சொல்லாம ரெண்டாவது தேதிக்கு வரலாம்னு கீழே ஒரு வரி போட்டுடுங்க.